ஜெட்டியில் இருந்து குதிக்கிற மகனும் கதவடிச் சாவியும்

திருகோணமலை உப்புவெளியில் இருந்து ஒரு தாய் கேட்ட கேள்வி இது. மகனுக்கு 15 வயது, அடுத்த வருடம் ஓ.எல். பரீட்சை எடுக்க வேண்டும். வகுப்பில் முதல் ஐந்துக்குள் வருகிறவன், வீட்டில் எதிர்த்துப் பேசாதவன். போன மாதம் ரியூஷன் முடிந்து மாமாவின் மோட்டார் சைக்கிளில், ஹெல்மட் இல்லாமல், மூன்று பேராக நிலாவெளி வீதியில் ஓடியிருக்கிறான். பிறகு படகு கட்டுகிற பழைய ஜெட்டி ஒன்றில் இருந்து மாரிக் கடலுக்குள் தலைகீழாகக் குதிக்கிற வீடியோ டிக்டொக்கில் வந்திருக்கிறது. அயல்வீட்டுப் பிள்ளை காட்டித்தான் தாய்க்கே தெரியும். "இவனுக்கு ஆபத்து விளங்கேல்லையா? கூட்டாளிமார் கெடுக்கினமா? போனை உடைக்கிறதா, கொழும்பில அண்ணன் வீட்டில கொண்டுபோய் விடுறதா?" என்று கேட்கிறார். மோட்டார் சைக்கிள் தன் தம்பியுடையது, சாவி கதவடியில் ஆணியில்தான் தொங்கும் என்றும் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். அந்த வரிக்குக் கடைசியில் வருகிறேன்.

தங்கச்சி, இருபது வருடத்துக்கு மேல் திருகோணமலையில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியராக இருந்தவன் நான். "நல்ல பிள்ளை சேர், ஆனா..." என்று தொடங்கிய பெற்றோர் எத்தனை பேர் என்று கணக்கில்லை. அவர்களில் பெரும்பாலானோர் சொன்னது உண்மை. பிள்ளை நல்ல பிள்ளைதான்.

ஆபத்து விளங்கவில்லையா என்று கேட்டீர்கள். விளங்கும். 15 வயதுப் பிள்ளையையும் பெரியவர்களையும் இருத்தி வைத்து, இதைச் செய்தால் என்ன நடக்கும் என்று கேட்டுப் பார்த்த ஆய்வுகள் நிறைய உண்டு. பிள்ளைகள் ஆபத்தைக் குறைத்து மதிப்பதாக அவை காட்டவில்லை. பல விஷயங்களில் பெரியவர்களை விடக் கூட்டித்தான் மதிக்கிறார்கள். சிகரெட்டால் நோய் வரும் வாய்ப்பைக் கேட்டால் இருப்பதை விடப் பெரிய எண்ணைத்தான் சொல்வார்கள். அப்படியிருந்தும் பற்றவைப்பார்கள். பாடசாலை மண்டபத்தில் ஐநூறு பேரை வெயிலில் இருத்தி, கருகிய நுரையீரல் படத்தைத் திரையில் காட்டுகிற கருத்தரங்கில் எனக்கு நம்பிக்கை போனது இதனால்தான். அப்படியான கருத்தரங்குகளை நானே நடத்தியிருக்கிறேன். முடிந்த கையோடு மதிலுக்குப் பின்னால் புகை வந்தது.

கையில் பிளாஸ்டரோடு ஒரு பெடியன் என் அறைக்கு வந்தான். அவனும் 15, அவனும் கடலில் குதித்தவன். "பயமில்லையாடா?" என்றேன். "பயம்தான் சேர். கீழ பார்க்கக் கால் நடுங்கினது. ஆனா எல்லாரும் வீடியோ எடுத்துக்கொண்டு நிண்டவங்கள்." எல்லாரும் என்றால் எத்தனை பேர் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினான். நாலு பேர்.

அந்த நாலு பேரைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2005 இல் அமெரிக்காவில் மார்கோ கார்ட்னர், லோரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். 306 பேர், வயதால் பிரித்த மூன்று கூட்டம்: 13 முதல் 16, 18 முதல் 22, 24க்கு மேல். கணினியில் ஒரு கார் விளையாட்டு. மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் எவ்வளவு தூரம் ஓடுகிறாயோ அவ்வளவு புள்ளி, ஆனால் எந்த நேரமும் மோதலாம். சிலர் தனியாக விளையாடினார்கள். சிலர் தங்கள் வயதுக்காரர் இரண்டு பேர் பக்கத்தில் இருக்க விளையாடினார்கள். தனியாக விளையாடியபோது மூன்று கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பக்கத்தில் ஆள் இருந்தபோது நடுக்கூட்டம் ஏறக்குறைய பாதியளவு கூடுதலாகத் துணிந்தது, சிறுவர் கூட்டம் இரண்டு மடங்கு துணிந்தது. 24க்கு மேற்பட்டவர்களிடம் எந்த மாற்றமும் இல்லை.

பிறகு, 2011 இல், இதே மாதிரி விளையாட்டை மூளையைப் படம் பிடிக்கிற கருவிக்குள் படுக்கவைத்தும் செய்து பார்த்தார்கள். கூட்டாளிமார் அடுத்த அறையில் இருந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும், பரிசையும் இன்பத்தையும் கணக்கெடுக்கிற உட்பகுதி வளரிளம் பிள்ளைகளில் கூடுதலாக வேலை செய்தது. பெரியவர்களில் அப்படி இல்லை. அதாவது யாரும் "குதிடா" என்று தள்ளத் தேவையில்லை. பார்த்துக்கொண்டு நின்றாலே போதும். ஆகவே, கூட்டாளிமார் கெடுக்கிறார்களா என்ற கேள்விக்கு என் பதில்: உங்கள் மகனின் கூட்டாளிமாரும் தனித்தனியே உங்கள் மகனைப் போலவே நல்ல பிள்ளைகளாக இருக்கக்கூடும். அவர்களுடைய தாய்மாரும் இப்போது உங்கள் மகனைத்தான் குறை சொல்லிக்கொண்டு இருப்பார்கள்.

மூளையைப் பற்றி இப்போது எல்லோரும் ஒரு வசனம் சொல்கிறார்கள்: ஆசையைத் தூண்டுகிற பகுதி பருவமடையும்போதே விழித்துவிடுகிறது, நிறுத்திப் பிடிக்கிற முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. உண்மைதான். ஆனால் இதை மட்டும் சொல்லிக் கைகழுவுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. 15 வயது மூளை எல்லாப் 15 வயதுப் பிள்ளைக்கும் இருக்கிறது. ஏன் ஒருவன் குதிக்கிறான், ஒருவன் செருப்புகளுக்குக் காவல் நிற்கிறான்?

முதலாவது, பிறவிக் குணம். புதியது, வேகமானது, நெஞ்சு படபடக்கிறது என்றால் ஓடிப்போகிற பிள்ளைகள் உண்டு. 1960களில் மார்வின் சக்கர்மன் இந்தக் குணத்தை அளக்க ஒரு வினாக்கொத்தே செய்தார். குடும்பத்தில் ஓடுகிற குணம் இது. உங்கள் தம்பி இளவயதில் எப்படி மோட்டார் சைக்கிள் ஓடினார் என்று யோசித்துப் பாருங்கள். இதைக் குறையாக மட்டும் பார்க்கக்கூடாது. ஆழ்கடலுக்குப் போகிறவனுக்கும் தீயணைப்புப் படைக்காரனுக்கும் இதே குணம் வேண்டும். முன்பின் யோசியாமல் கை நீள்கிற அவசரக் குணம் வேறு. சிறுவயதில் இருந்தே ஓரிடத்தில் இருக்கமுடியாத, வரிசையில் நிற்கமுடியாத பிள்ளைக்கு அவதானக் குறைபாடு இருக்கிறதா என்று ஒருமுறை வைத்தியரிடம் காட்டுவது நல்லது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகன் அந்த வகையில்லை.

இரண்டாவது, நித்திரை. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பருவமடைகிற வயதில் உடம்பின் நித்திரைக் கடிகாரம் பின்னுக்குப் போகிறது. இரவு 11 மணிக்கு முன் கண் செருகாது. நாங்களோ காலை ஐந்தரைக்கு எழுப்பி ஒரு ரியூஷன், பாடசாலை விட்டு ஒரு ரியூஷன், பின்னேரம் இன்னொன்று என்று ஓட்டுகிறோம். கிழமைக் கணக்கில் நித்திரை குறைந்த பிள்ளையின் நிறுத்துகிற புத்தி, மனிதனாகப் பிறந்த எவருக்கும் போலவே, மழுங்கும். கடைசி ரியூஷன் முடிகிற நேரத்தையும் விபத்து நடக்கிற நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, வீடு. இதில் எங்கள் ஊருக்கென்று ஒரு கதை இருக்கிறது.

உங்களுக்கு இப்போது நாற்பதுக்குக் கிட்ட இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் உங்கள் 15 வயது ஊரடங்கு, சுற்றிவளைப்பு, அடையாள அட்டை என்று போயிருக்கும். 2006 ஜனவரி 2 அன்று பின்னேரம் கடற்கரையில் காந்தி சிலைப் பக்கம் நின்ற ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டதை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. அந்தக் காலத்தில் பிள்ளையைக் காப்பாற்றுகிற வழி ஒன்றே ஒன்றுதான்: வீட்டுக்குள்ளே வைத்திருப்பது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடலும் பயப்பட வேண்டிய ஒன்றாகிவிட்டது. நீந்தத் தெரிந்த தகப்பன்மார் கூடப் பிள்ளைகளைக் கடலில் இறக்கவில்லை. இப்படி வளர்ந்த பெற்றோருக்கு "வெளியில போகாதே" என்பது வாயில் தானாக வருகிற சொல். உங்கள் மகன் போர் முடிந்த பிறகு பிறந்தவன். அவனுக்கு அந்தச் சொல்லின் பின்னால் இருக்கிற எதுவும் தெரியாது. எல்லாவற்றுக்கும் ஒரே குரலில் "வேண்டாம்" வந்தால், எது உண்மையிலேயே உயிராபத்து, எது அம்மாவின் பதற்றம் என்று அவனுக்குப் பிரித்தறிய வழியில்லை. ஆகவே கேட்பதை நிறுத்திவிட்டான். சொல்வதையும்தான்.

இந்தச் சொல்லாமல் விடுவதுதான் பெரிய விஷயம். 2000 ஆம் ஆண்டில் ஹோக்கன் ஸ்டாட்டின், மார்கரட் கெர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சுவீடனில் 14 வயதுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் கேட்டு ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பிள்ளை எங்கே, யாரோடு என்று தெரிந்த பெற்றோரின் பிள்ளைகள் குறைவாகச் சிக்கலில் மாட்டுகிறார்கள் என்பது ஏற்கெனவே தெரிந்ததுதான். அதனால் "கண்காணியுங்கள்" என்று எல்லோரும் சொல்லிவந்தார்கள். இவர்கள் கேட்டது, அந்தப் பெற்றோருக்கு எப்படித் தெரிந்தது என்று. துருவித் துருவிக் கேட்டும் பை தடவியும் தெரிந்தது கொஞ்சம்தான். பெரும்பகுதி, பிள்ளை தானாகவே வந்து சொன்னதால் தெரிந்தது. தங்கச்சி, அயல்வீட்டுப் பிள்ளையின் போனில் பார்த்துத்தான் உங்களுக்குத் தெரியவந்தது என்பதுதான் உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வரி. குதித்தது அடுத்ததுதான்.

தாய் குவைத்திலோ சவூதியிலோ வேலைக்குப் போய், அம்மம்மாவோடு வளர்கிற பிள்ளைகள் மூதூர்ப் பக்கத்தில் இருந்தும் கிண்ணியாவில் இருந்தும் என்னிடம் வந்திருக்கிறார்கள். அங்கேயும் இதையே கண்டேன். தாய் தூரத்தில் இருப்பதால் மட்டும் பிள்ளை கெடுவதில்லை. இரவில் "இண்டைக்கு என்ன நடந்தது" என்று கேட்க ஒரு ஆள் இருந்த பிள்ளை தப்பியது. அடி, குடி, அவமதிப்பு உள்ள வீடு என்றால் கதை வேறு. 1998 இல் கலிபோர்னியாவில் இருந்து வந்த ஒரு பெரிய ஆய்வில், சிறுவயதில் இப்படியான கொடுமைகளில் நாலு வகையையோ அதற்கு மேலோ பட்டவர்களுக்கு, எதுவும் படாதவர்களை விட, குடிக்கு அடிமையாவது, போதைப்பொருள், தற்கொலை முயற்சி போன்றவற்றின் வாய்ப்பு 4 முதல் 12 மடங்கு வரை கூடியிருந்தது. அந்தப் பிள்ளைகள் வேகத்தைத் தேடி ஓடுவதில்லை. எதையோ மறக்க ஓடுகிறார்கள். அவர்களுக்கு ஹெல்மட் பற்றிப் புத்தி சொல்லிப் பிரயோசனமில்லை.

இனி ஒரு காட்சி. என்னிடம் படித்த ஒருவன் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. மோட்டார் சைக்கிளில் அவனைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், முன் சில்லைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். ஒரு சனிக்கிழமை விடியக் கடற்கரையில் நடக்கப் போனபோது அதே பெடியனைக் கரைவலை இழுக்கிற இடத்தில் கண்டேன். இடுப்பளவு தண்ணீரில் கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறான். அலை பெரிதாக வந்தது. அவன் துள்ளவில்லை, கத்தவில்லை. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் முகத்தைப் பார்த்தான். அவர் கையைக் கொஞ்சம் உயர்த்தினார். இரண்டடி பின்னுக்கு வந்து, அலை போக விட்டு, திரும்பப் போய்ப் பிடித்தான். பக்கத்தில் அவன் வயதுக்காரர் மூன்று பேர், அவர்களும் அப்படியே. மூளை அதேதான், குணமும் அதேதான். மாறியிருந்தது, பக்கத்தில் நின்ற ஆள்.

நான் கண்ணால் கண்டதைப் பிறகு எழுத்திலும் கண்டேன். 18 முதல் 22 வயது வரையான ஆண்களைக் கூட்டமாக இருத்திப் பார்த்த ஒரு அமெரிக்க ஆய்வு 2016 இல் வந்தது. எல்லோரும் ஒரே வயது என்றால் வழமை போலத் துணிவு ஏறியது. கூட்டத்தில் ஒரே ஒருவரை 25க்கும் 30க்கும் இடைப்பட்ட வயதுக்காரராகச் சேர்த்ததும் அந்த ஏற்றம் இல்லாமல் போனது. அவர் புத்தி சொல்லத் தேவையில்லை, இருந்தாலே போதும். நியூசிலாந்து 1987 இல் இதே மாதிரி ஒரு யோசனையைச் சட்டமாக்கியது. புது லைசன்ஸ்காரர் இரவில் தனியாக ஓடக்கூடாது, தன் வயதுக் கூட்டாளிமாரை ஏற்றக்கூடாது என்று. இளம் சாரதிகளின் விபத்துகள் குறைந்தன. பெடியன்களைத் திருத்தப் பாடுபடாமல், அவர்கள் மாட்டுகிற நேரத்தையும் கூட்டத்தையும் மாற்றினார்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் உங்களுக்கு ஒரு மகளும் இருப்பதாக எழுதியதால் சொல்கிறேன். அவர்கள் எடுக்கிற ஆபத்து சத்தமில்லாதது. முகம் தெரியாத ஒருவனுக்குப் படம் அனுப்புவது, யாருக்கும் தெரியாமல் சந்திக்கப் போவது, கையில் வெட்டிக்கொள்வது. வகுப்பில் மற்றவர்களை விட முந்திப் பருவமடைந்த பிள்ளைக்கு இது இன்னும் கூடுதல். உடம்பைப் பார்த்து மூத்தவர்கள் நெருங்குகிறார்கள், உள்ளே இருப்பதோ 12 வயது. பெண் பிள்ளை தவறினால் ஊர் காலத்துக்கும் பேசும் என்பதால் அவர்கள் இன்னும் கூடுதலாக மறைக்கிறார்கள். மிரட்டுகிறவனுக்கு அந்த மறைப்பே ஆயுதம். படம் அனுப்பி மாட்டிய பிள்ளைகளில் என்னிடம் வந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "அம்மாவுக்குத் தெரிஞ்சா செத்துப்போவா சேர்." அந்த வசனத்தை நம்பிய பிள்ளை வீட்டில் உதவி கேட்க வராது.

சரி, உங்கள் மகனுக்குப் பயப்பட வேண்டுமா? 13, 14 இல் தொடங்கி, கூட்டாளிமாரோடு மட்டும் நடந்து, படிப்பும் சாப்பாடும் வீட்டு உறவும் குலையாமல் இருக்கிற துணிச்சல் பெரும்பாலும் இருபதுகளில் தானாகத் தணியும். பத்து வயதுக்கு முன்பே மற்றவர்களை அடித்தும் களவெடுத்தும் வந்த பிள்ளையின் பாதை வேறு. தனியாக இருக்கும்போதும் ஆபத்தை நாடுகிறானா, நித்திரையும் பசியும் மாறிவிட்டதா, பிடித்த விளையாட்டை விட்டுவிட்டானா, காசு காணாமல் போகிறதா, "நான் இருந்து என்ன" என்கிற மாதிரிப் பேச்சு வருகிறதா என்று பாருங்கள். பெடியன்களில் மனச்சோர்வு அழுகையாக வராமல் வேகமாகவும் கோபமாகவும் வருவதுண்டு. இப்படி ஏதும் இருந்தால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 1926 என்ற உளநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள். சிறுவர் பாதுகாப்பு விஷயம் என்றால் 1929. மாவா, ஐஸ் போன்ற போதைப்பொருள் என்று சந்தேகம் வந்தாலும் வெட்கப்பட்டு ஒளிக்காமல் அங்கேதான் போக வேண்டும்.

போனை உடைக்காதீர்கள். வீடியோ இன்னொருவன் போனிலும் எடுபடும், உங்களுக்குக் காட்ட வருகிற கடைசி வழியும் அடைபடும். கொழும்புக்கு அனுப்புவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அங்கே அவனைத் தெரிந்த பெரியவர் ஒருவர், புதிதாகப் பார்த்துக்கொண்டு நிற்கப்போகிற நாலு பேர், யாரை முந்திச் சம்பாதிப்பான் என்று நினைக்கிறீர்கள்? அத்தோடு ஓ.எல்.லுக்கு ஒரு வருடம் இருக்கப் பாடசாலை மாற்றுவது வேறு பாரம். கடலை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். மாரிக் கடல் வேண்டாம், அந்த ஜெட்டி வேண்டாம், கீழே உடைந்த தூணும் கல்லும் இருக்கிறது என்று சொல்லுங்கள். வைகாசியில் கடல் அடங்கியதும் ஒழுங்காக நீந்தவும் முக்குளிக்கவும் பழக்குகிற, இருபத்தைந்து முப்பது வயதில் ஒரு அண்ணனைத் தேடுங்கள், எங்கள் ஊரில் அப்படியானவர்களுக்குப் பஞ்சமில்லை. மக்கெய்சர் மைதானத்தில் பந்தடிக்கப் போனாலும் நல்லது. அங்கேயும் நாலு பேர் பார்ப்பார்கள்.

வீடியோவைப் பார்த்தேன் என்று மறைக்காமல் சொல்லுங்கள். யார் காட்டியது என்று மட்டும் சொல்லாதீர்கள், அந்தப் பிள்ளை பாவம். "எவ்வளவு உயரம்டா அது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். முதலில் ஒன்றும் சொல்லமாட்டான். கேட்டதற்கு அடி விழவில்லை என்று தெரிந்தால் மூன்றாம் நாள் சொல்வான்.

சாவி. அதை இன்றைக்கே ஆணியில் இருந்து எடுக்க வேண்டும், ஆனால் எடுக்கிறது நீங்கள் இல்லை. உங்கள் தம்பி எடுத்துத் தன் சேர்ட் பொக்கற்றில் போட்டுக்கொண்டு போகட்டும். ஏன் மாமா என்று கேட்டால், படிப்பு, ஒழுக்கம் என்று ஒன்றும் இழுக்காமல், "என்ட பைக்கடா, நீ பிடிபட்டா கோட்டுக்குப் போறது நான்" என்று சொன்னால் போதும். ஞாயிற்றுக்கிழமை தம்பி வெளியே போகும்போது அவனையும் பின்னால் ஏற்றிக்கொண்டு போகட்டும், இரண்டு பேரும் ஹெல்மட் போட்டுக்கொண்டு. பெடியன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பான், குழம்பில் உப்பில்லை என்பான். உப்பைப் போட்டுக் கொடுங்கள்.